கண்டி நகரில் ஒரு தவசி

திருப்பூரில் தைத்துக் கட்டப்படும் பனியன் பொதிகள் தூத்துக்குடித் துறைமுகம் சென்று கப்பலேறுவதை இப்பகுதி மாணவர்கள் அறிவார்கள். 1687-ஆம் ஆண்டில் அதே கரையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட ஒருவரைப் பற்றி இன்று சொல்ல எண்ணுகிறேன். அவரிடம் பொதி எதுவும் இல்லை. உடுத்தியிருந்தது கூலியாளின் துணி. கால்களில் செருப்பு இல்லை. அவர் பெயர் யோசேப் வாஸ்.

கோவாவைச் சேர்ந்த பெனவுலிம் என்னும் ஊரில், கொங்கணி பேசும் கத்தோலிக்கக் குடும்பத்தில், 1651 ஏப்ரல் 21-இல் அவர் பிறந்தார். 1676-இல் குருவானார். குருப்பட்டம் பெற்ற சில நாட்களிலேயே செருப்பைத் துறந்தார். ஏழைகள் நடப்பதுபோல் நடக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். தவம் என்றவுடன் நாம் காட்டையும் மூடிய கண்களையும் நினைக்கிறோம். வள்ளுவரோ, தமக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தலும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையுமே தவத்தின் உருவம் என்றார். யோசேப் வாஸ் அடிகளின் தவம் இவ்வகையைச் சார்ந்தது.

அத்தவம் எதற்குப் பயன்பட்டது என்பதைப் பாருங்கள். 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை அங்கே நுழையவிடவில்லை. மாறுவேடமின்றி எவரும் செல்ல இயலாது. கூலியாளின் உடையை எவரும் உடுத்தலாம். ஆனால் வெறுங்காலுடன் நடந்து பழகாத பாதம் ஒரே நாளில் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடுமன்றோ? அடிகளின் பாதமோ பத்தாண்டுகளாகப் பழகிய பாதம். கடற்பயணத்தில் உற்ற இன்னல்களால் கடும் வயிற்றுளைச்சலுக்கு ஆளாகியே யாழ்ப்பாணம் அடைந்தார். பிழைத்தெழுந்ததும் கழுத்தில் செபமாலையுடன் வீடுவீடாகப் பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர் எவரோ அவரே தம்மவர் என்று அறிந்தார். தமிழ் கற்றார். சில்லாலை என்னும் சிற்றூர் அவருக்குப் புகலிடமாயிற்று.

1692-இல் மலைநாட்டுத் தலைநகராகிய கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று ஐயுற்றுச் சிறையிலிட்டார்கள். சிறையிலே சிங்களம் கற்றார்! வறட்சிக் காலத்தில் அவர் வேண்டுதலால் மழை பெய்தது என்றொரு வரலாறும் உண்டு. நம்புவோர் நம்பட்டும், எனக்கு அதனினும் வியப்பளிப்பது 1697-இல் நிகழ்ந்தது.

அவ்வாண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. எட்வர்டு ஜென்னர் அம்மைத் தடுப்பு முறையைச் சோதித்துக் காட்டியது 1796-இல்தான். அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்னர் என்ன காப்பு இருந்திருக்க முடியும்? நோயாளியின் மூச்சு மட்டுமன்று, அவர் கிடந்த பாயும் போர்த்த துணியும்கூட நோயைப் பரப்பும். நோயுற்ற பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் மாள்வர். ஆகவே அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் நகரை நீங்கினார், செல்வரும் நீங்கினர். பெற்றோரைப் பிள்ளைகளும் கைவிட்டனர். அவர்களைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன், அச்சம் அத்தகையது.

அடிகளும் கார்வால்யோ என்னும் உடன் குருவும் நகரிலேயே தங்கினார்கள். கைவிடப்பட்டோருக்குக் குடிசை அமைத்து, புண்ணைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார்கள். பௌத்தரா கத்தோலிக்கரா என்று கேட்கவில்லை. மருந்தில்லாத நோய்க்கு இவர்கள் செய்தது என்ன பயன் தரும் என்று ஓர் அறிவியல் மாணவர் வினவலாம். நீரும் உணவும் தூய்மையும் உரிய காலத்தில் கிடைத்தால், பிழைக்கக் கூடியவர் பிழைப்பர். அவை கிடையாமல் மாண்டவர் எத்தனையோ பேர். செவிலியர் பணியின் அடிப்படை இதுவே. பௌத்தராகிய அரசர் இதன்பின் அடிகள் தடையின்றித் தம் பணியைச் செய்ய இசைந்தார்.

1711 சனவரி 16-இல் கண்டியிலேயே அடிகள் மறைந்தார். கோவாவுக்குத் திரும்பவே இல்லை. உலகிலிருந்து பெரியம்மை ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பட்டது. 2015 சனவரி 14-இல் திருத்தந்தை பிரான்சிசு கொழும்புக் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரது நினைவு நாள் நம் பொங்கல் விடுமுறையை ஒட்டி வருவதால், பள்ளிகளில் அவரைப் பற்றிப் பேசும் வாய்ப்பு அரிதாகவே நேர்கிறது.