மேடும் பள்ளமும்

துல்லியப் பண்ணையம் என்றவுடன் பரந்த பண்ணைகளும் செயற்கைக்கோள்களும் நம் நினைவுக்கு வருகின்றன. 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி இந்திய உழவரின் சராசரி நிலமோ 1.08 ஹெக்டேர்தான். இத்துணைச் சிறு நிலத்திற்கு அந்நுட்பம் பொருந்துமா?

வடநாட்டில் வாழும் நேயர்கள், கோதுமை அறுவடையான வயல்களில் இதற்கு விடை காணலாம். 2001ஆம் ஆண்டு மேற்கு உத்தரப் பிரதேசத்தில் லேசர் சமன் கருவி அறிமுகமாயிற்று. வயலோரத்து முக்காலியிலிருந்து சுழன்று வரும் லேசர் கதிர், டிராக்டர் இழுக்கும் மண்வாரியின் கம்பத்தில் படுகிறது. அதற்கேற்ப மண்வாரி தானே ஏறியிறங்கி, மேட்டை வழித்துப் பள்ளத்தை நிரப்புகிறது. நம் ஊர்ச் சேற்று வயலில் பரம்புப் பலகை செய்யும் வேலையே இது; ஆயினும் ஏற்றத்தாழ்வு ஓரிரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

இதனால் என்ன பயன்? மேடு நனையும்வரை பள்ளத்தில் நீரைத் தேக்க வேண்டியதில்லை. இறைக்கும் நீர் குறைகிறது; பயிர் ஒருசீராக வளர்கிறது. நிலத்தடி நீர் இறங்கிவரும் பஞ்சாபிலும் அரியானாவிலும் இது சிறிய நன்மையன்று.

கருவியின் விலை லட்சக்கணக்கில் ஆகும். ஆனால் ஒவ்வோர் உழவரும் அதை வாங்க வேண்டுவதில்லை. கருவி வைத்திருப்போரும் கூட்டுறவுச் சங்கங்களும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றனர். சிறு உழவருக்கு நுட்பத்தைக் கொண்டு சேர்த்தது இவ்வாடகை முறையே.

எனினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. மிஞ்சிய நீரை மேலும் நெல்லுக்கே இறைத்தால் கிணற்றின் நீர்மட்டம் உயராது. கருவி நிலத்தைத்தான் சமன் செய்யும். நீரை அளந்து செலவிடுவது நம் பொறுப்பேயாகும்.