சவர்க்காரத்தில் புள்ளி விழுந்தால்

வீட்டில் வார்த்த சவர்க்காரத்தில் புள்ளி தெரிந்தால், கத்தியால் சுரண்டிவிட்டு விற்பனைக்கு அடுக்குவோர் உண்டு. செம்மஞ்சள் புள்ளி என்றால் பெரிய கேடில்லை. வெள்ளைப் புள்ளியில் இந்தச் சுரண்டல் வேலை வாங்குபவரின் தோலைச் சுட்டுவிடக்கூடும்.

செம்மஞ்சள் புள்ளி, எண்ணெய் சிக்கடித்ததன் அடையாளம். சவர்க்காரமாக மாறாமல் மிஞ்சிய எண்ணெய் காற்றுப் பட்டுக் கெடுகிறது; இரும்பும் செம்பும் அதை விரைவுபடுத்துகின்றன. மன்னார்த் தீவில் இதற்கு வாய்ப்பு அதிகம். மணலுக்கடியில் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. இறைக்க இறைக்க உவர் ஏறும் கிணறுகளில் கல்சியமும் மக்னீசியமும் சேரும், சில இடங்களில் இரும்பும். பேசாலையிலோ தலைமன்னாரிலோ அந்தத் தண்ணீரில் எரிசோடாவைக் கரைத்துவிட்டு எண்ணெயைக் குறை சொல்வது நியாயமில்லை. வடித்த நீரை வாங்குங்கள். வார்த்த கட்டிகளைத் துருப்பிடிக்கும் கம்பித் தட்டில் காயவைக்காதீர்கள். ஈர உப்புக் காற்று நேராக அடிக்கும் யன்னலோரமும் வேண்டாம்.

வெள்ளை நிறத்தில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். மேற்பரப்பில் மாப்போலப் படிவது, எரிசோடா காற்றிலுள்ள காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து உண்டாகும் சலவைச் சோடா. துடைத்தால் போய்விடும். கட்டியை வெட்டும்போது உள்ளே பளிங்குத் துணிக்கையோ நீர்க் குமிழோ தெரிந்தால், அது எண்ணெயுடன் சேராமல் மிஞ்சிய எரிசோடாவாக இருக்கலாம். ஒரு கிராம் துருவலை 99 மில்லிலீற்றர் வடித்த நீரில் சூடாகக் கரைத்து, ஆறியபின் பிஎச் தாளில் பாருங்கள். 9 முதல் 10 வரை வழமை. 11ஐத் தாண்டினால் அந்த வார்ப்பு முழுவதும் விற்பனைக்கு உதவாது. துணிக்கைகள் எல்லா இடத்திலும் ஒரேயளவில் பரவியிருப்பதில்லை. ஆகவே புள்ளி உள்ள இடத்தையும் சோதிக்க வேண்டும்.

இரண்டு புள்ளிக்கும் பொதுவான வேர், எண்ணெயை மாற்றிவிட்டு அளவை மாற்றாமல் விடுவது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 183 கிராம் எரிசோடா தேவை. பாம் எண்ணெய்க்கு 142 கிராமே போதும். 2021 ஏப்ரலில் இலங்கை அரசு பாம் எண்ணெய் இறக்குமதிக்குத் தடை அறிவித்தது. அப்படியொரு நாளில் தேங்காய் எண்ணெய்க்குத் தாவியவர் பழைய 142 கிராமையே போட்டிருந்தால், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான எண்ணெய் மாறாமல் மிஞ்சியிருக்கும். பிறகு செம்மஞ்சள் புள்ளிதான். விலை பார்த்துத் தேங்காயிலிருந்து பாமுக்குப் போனால் நேர்மாறு: 41 கிராம் எரிசோடா மிஞ்சும். இது தோலோடு விளையாடும் காரியம். எண்ணெய் மாறும் ஒவ்வொரு முறையும் கணக்கைப் புதிதாகப் போட்டு, வழமையாக 5 சதவீதம் எரிசோடாவைக் குறைத்தே நிறுக்க வேண்டும்.

கற்றாழைச் சாறோ பாலோ சேர்த்த கட்டியில் பஞ்சுபோல வளர்வது பூஞ்சணம். அதைக் கழித்துவிடுங்கள்.

தயாரிப்பவரின் ஆபத்து இன்னும் பெரிது. எரிசோடாவைத்தான் தண்ணீரில் இட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது: ஐதரசன் வாயு கிளம்பும். கண்ணில் பட்டால் 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள், வினாகிரி ஊற்றாதீர்கள். 1990 அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது.

வாங்குபவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். பொருளைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்கி விற்பதும் குற்றம். வீட்டுத் தயாரிப்பு என்பது விலக்கல்ல. தோல் எரிந்தால் மீதிக் கட்டியை வீசாமல் உறையோடு வைத்திருங்கள். எரிந்த இடத்தைப் படம் எடுத்து, வைத்தியரின் துண்டையும் சேர்த்து வையுங்கள். அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் வழி கேட்கலாம். எழுத்துமூல முறைப்பாட்டை, பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.