டாங்கி அசையக்கூடாது, ஆனால் கழற்ற வரவேண்டும்

திம்புள்ளப் பக்கம் கடல் இல்லை. ஆனால் தண்ணீருக்குக் குறைவில்லை. காசல்ரி, மவுஸ்ஸாகலை, தலவாக்கலையில் மேல் கொத்மலை என்று மூன்று நீர்த்தேக்கங்கள். மூன்றும் மின்சாரத்துக்காக ஆற்றை மறித்துக் கட்டியவை. அங்கே மீன் பிடிக்கிறவர்களிடம் அலுமினியப் படகைப் பார்ப்பது அபூர்வம். பைபர் வள்ளமும் துடுப்பும்தான் வழக்கம்.

உங்கள் கைக்குப் பன்னிரண்டு அடி அலுமினியப் படகு ஒன்றும், பின்பலகையில் மாட்டுகிற சின்ன எஞ்சினும் (வெளியிணைப்பு இயந்திரம்) வந்து சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓட்ட அனுமதி வேண்டுமா என்று அந்த நீர்த்தேக்கத்துக்குப் பொறுப்பானவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது பெற்றோல் டாங்கி.

எவ்வளவு பெரிய டாங்கி வாங்குவது? கடைகளில் 12 லீற்றரும் 24 லீற்றரும் சாதாரணமாகக் கிடைக்கும். 8 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 3 லீற்றர் குடிக்கும். அப்படியானால் 12 லீற்றரில் நான்கு மணி நேரம் ஓடலாம். காசல்ரிக்கு அது தாராளம். 24 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 18 கிலோ. பல தோட்டங்களில் ஒரு பேர் போடக் கேட்கிற கொழுந்தின் பாரம் அது. அந்தப் பாரத்தை ஏன் சும்மா சுமக்க வேண்டும்?

படகில் எந்த இடத்தில் வைப்பது? எஞ்சின் பின்னால், அதைப் பிடித்துக்கொண்டு நீங்களும் பின்னால். டாங்கியும் அங்கேயே இருந்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். எதிரே கிடக்கிற கட்டை கண்ணுக்குத் தெரியாது. நடு இருக்கையை ஒட்டினாற்போல், படகின் நடுக்கோட்டில் வையுங்கள். குழாய் எட்ட வேண்டும் என்பதால் அதற்கு மேல் முன்னால் தள்ள வேண்டாம். குழாய் நீண்டால் எஞ்சின் உறிஞ்சத் திணறும்.

இருக்கைக்கு அடியில் செருகிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பலர் பெரிய தவறு செய்கிறார்கள். பல அலுமினியப் படகுகளில் இருக்கைக்குள் நுரைப்பஞ்சு அடைத்திருப்பார்கள். அது சொகுசுக்காக வைத்தது அல்ல. படகுக்குள் தண்ணீர் புகுந்தாலும் அது மூழ்காமல் மிதப்பது அந்தப் பஞ்சினால்தான். டாங்கிக்கு இடம் பண்ண அதை வெட்டி எடுத்தால், மிதப்பைக் கொடுத்துவிட்டுப் பெற்றோலுக்கு அறை கட்டியதாகும். அடைத்த பெட்டிக்குள் வைப்பதும் ஆபத்து. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் படகின் அடியில் தேங்கும். பற்றரி முனையில் ஒரு பொறி போதும். அதனால் டாங்கி திறந்த வெளியில், பற்றரி அதற்கு எட்டத்தில்.

எப்படிப் பொருத்துவது? திருகாணி போட்டு அடித்தட்டில் இறுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடித்தகடு இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும். துளை போட்டால் ஒருநாள் தண்ணீர் வரும். அலுமினியத்தோடு வேறு உலோகம் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். இரும்புத் தாங்கிக் கம்பி, செம்பு மருந்து ஏற்றிய பலகை இரண்டும் அதனால் வேண்டாம்.

பிறகு என்ன செய்வது? டாங்கிக்கு அடியில் கெட்டியான ரப்பர் விரிப்பு போடுங்கள். தண்ணீர் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கம்பளத்துண்டு கூடாது. லொறியில் சுமை கட்டுகிற பட்டி இரண்டை எடுத்து, படகின் குறுக்கு விலாவில் ஏற்கனவே இருக்கிற வளையத்தில் கொடுத்து, ஒன்று குறுக்காகவும் மற்றது நீளவாக்கிலும் இறுக்குங்கள். மவுஸ்ஸாகலையில் தண்ணீர் இறங்கினால் பழைய மஸ்கெலியாவின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் எட்டிப் பார்க்கும். அப்படியான காலத்தில் படகு எதிலாவது முட்டி நின்றால், கட்டாத டாங்கி நிற்காது; உங்கள் கணுக்காலில் வந்து இடிக்கும், குழாயையும் பிடுங்கிவிடும்.

இறுகியதா என்று பார்க்கிற அதே கையால், ஒரு நிமிடத்துக்குள் கழற்ற வருகிறதா என்றும் பாருங்கள். கழற்ற முடிவதுதான் இந்த டாங்கியின் முழுப் பயன். பலகை அடித்துப் பெட்டி கட்டி அதை நிரந்தரமாக்குகிறவர்கள் அந்தப் பயனை இழக்கிறார்கள்.

எஞ்சின் நன்றாகத்தான் கிளம்புகிறது, பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறதே? அநேகமாக மூடியில் இருக்கிற காற்றுத்திருகைத் திறக்க மறந்திருப்பீர்கள். பெற்றோல் வெளியே போகப் போக உள்ளே காற்று வர வேண்டும். வராவிட்டால் டாங்கி ஒட்டிப்போய் எஞ்சின் பட்டினி கிடக்கும். ஓடும்போது திறந்தும், தூக்கிச் செல்லும்போது மூடியும் வையுங்கள். மூடிய டாங்கி வெயிலில் உப்பும். மூடியை மெதுவாகத் திருகி ஆவியை விடுங்கள், பக்கத்தில் பீடி கூடாது.

குழாயின் நடுவே இருக்கிற ரப்பர் பந்தில் (பெற்றோலை முதலில் எஞ்சின் வரை ஏற்றுவதற்கு) ஒரு அம்புக்குறி இருக்கும். அது எஞ்சினைப் பார்க்க வேண்டும். குழாய் நுனிப்பூட்டு எஞ்சின் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். யமஹாவுக்குரியது சுசுக்கியில் பொருந்தாது. எஞ்சின் பெயரைச் சொல்லியே வாங்குங்கள்.

மன்னாரிலோ நீர்கொழும்பிலோ இருக்கிற சொந்தக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லலாம். அங்கே ஓடுவது மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சின். 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனபோது அவர்களுக்கே அது இலாபமான பேச்சாக இருக்கவில்லை. உங்கள் எஞ்சினின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான்.

நம் மலைக்கென்று இரண்டு விடயங்கள் உண்டு. உயரம் ஆயிரம் மீற்றர் ஏறினால் எஞ்சின் ஏறத்தாழ பத்து வீதம் பலம் இழக்கும். காசல்ரியில் எஞ்சின் சோம்பினால் டாங்கியைக் குறை சொல்லாதீர்கள். மற்றது ஈரம். மழையும் மூடுபனியும் காற்றுத்திருகு வழியாக உள்ளே போகும். தண்ணீர் பெற்றோலைவிடக் கனம், அடியில் தங்கும். உறிஞ்சுகுழாயும் அடியில்தான் இருக்கிறது. குழாயில் வடிகட்டி ஒன்று போட்டு, மாதம் ஒருமுறை டாங்கியின் அடியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

படகில் வைத்தபடியே நிரப்பலாமா? கூடாது. பெற்றோல் ஊற்றும்போது நிலைமின் (உராய்வில் சேரும் மின்சாரம்) உண்டாகும். பெற்றோல் செட்டில் டாங்கியை ஆட்டோவிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, குழாய்முனை டாங்கியின் வாயைத் தொட்டபடி நிரப்பச் சொல்லுங்கள். விளிம்பு வரை வேண்டாம். காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் 20 பாகை வித்தியாசம் வந்தால் 12 லீற்றர் பெற்றோல் கால் லீற்றருக்குக் கிட்டப் பெருகும்.

இனி இரவு. கழற்றிய டாங்கி எங்கே போகும்? படகில் விட்டால் களவு போகும் என்று லயக்காம்பராவுக்குள் கொண்டுவருவீர்கள். 2022 எரிபொருள் வரிசைகளுக்குப் பிறகு எரிபொருளைக் கட்டிலுக்கடியில் வைக்கிற பழக்கம் பலருக்கு வந்துவிட்டது. தயவுசெய்து வேண்டாம். நுவரெலியாவில் பூம்பனி உறைகிற ஜனவரிக் காலையிலும் பெற்றோல் ஆவி விடும். அந்த ஆவி தரையோடு ஊர்ந்து பக்கத்து வீட்டு அடுப்பைக்கூடத் தேடிப் போகும். ஒரு காம்பராவில் பிடித்த தீ ஒரே கூரைக்கடியில் வரிசை முழுவதையும் கொண்டுபோன செய்திகளை நாம் வாசிக்காத ஆண்டில்லை. இஸ்தோப்பும் வேண்டாம்.

லயத்திலிருந்து விலகி, காற்றோடுகிற, பூட்டக்கூடிய ஒரு கொட்டகை போதும். மாட்டுத் தொழுவம் வேண்டாம், அங்கே கொசுப்புகை போடுவார்கள். அதைவிட எளிது, மீன்பிடிக்கிற நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது. மிச்சமானதை மோட்டார் சைக்கிளில் ஊற்றிவிடலாம். ஆனால் உங்கள் எஞ்சின் எண்ணெய் கலந்து ஓடுகிற இரண்டு வீச்சு எஞ்சின் என்றால் ஊற்றாதீர்கள். அந்தக் கலவை சைக்கிளுக்கு ஆகாது, அடுத்த பயணத்துக்குத்தான்.