மஞ்சள் கடுதாசிக்குப் பின் கடன் அட்டை

வைகையின் தென்கரையிலே, ஒரு காலத்தில் நெல்வயலாய் இருந்து இன்று வீட்டுமனைகளாய் மாறி மதுரை மாநகரோடு ஐக்கியமாகிவிட்ட கோச்சடையில், மேலக்கால் சாலையை ஒட்டிச் சிறு பட்டறையோ கடையோ வைத்து ஜீவனம் செய்கிற ஒருவர், தொழில் நொடித்து, தண்டல்காரருக்கும் வங்கிக்கும் சரக்குக் கொடுத்தவர்களுக்கும் பதில் சொல்ல இயலாமல் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்றால், அந்தச் செய்தி ஆரப்பாளையம் வரை பரவ ஒரு பொழுது போதும். ஆனால் அதற்குப் பிறகு அவர் சட்டத்தின் முன் என்ன ஸ்திதியில் நிற்கிறார், என்றைக்கு அவர் மறுபடியும் வங்கியின் படியேறிக் கடன் அட்டை கேட்கலாம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வார் அபூர்வம். ஐ.பி. என்னும் அந்த நொடிப்பு மனுவைக் கொடுத்ததனால் வரும் அவமானத்தைக் காட்டிலும், கொடுத்த பின் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதே மனிதரைக் கெடுக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

தனிமனிதரின் நொடிப்பைப் பொறுத்தவரை நம் மாவட்டத்தில் இன்றும் நடப்பிலிருப்பது 1920ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டமே. 2016இல் நாடாளுமன்றம் புதிய திவால் சட்டத்தை இயற்றியது உண்மை; எனினும் அதில் தனிமனிதருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டவர்கள் விஷயத்தில் மட்டுமே 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது; ஏனையோர் பழைய சட்டத்தைத்தான் நாட வேண்டும். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமலிருந்து, அதைத் தீர்க்க வகையில்லாதவர் மனு கொடுக்கலாம். கோர்ட்டு அவரை நொடித்தவர் என்று தீர்மானித்தால், அவருடைய ஸ்தாவர ஜங்கம சொத்துக்கள் கோர்ட்டின் அல்லது ரிசீவரின் வசமாகும். அப்போதும் உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள், மதாசாரப்படி ஒரு பெண் கழற்றலாகாத தாலி போன்ற ஆபரணங்கள் ஆகியவற்றைத் தொடச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கோ இந்த மனு கவசமாகாது. அடமானம் பெற்ற வங்கி தன் பிணையின்மீது நடவடிக்கை எடுப்பதை இச்சட்டம் தடுக்கவில்லை.

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். நோட்டீஸ் போய்விட்டது, வக்கீல் பீஸும் கொடுத்தாயிற்று, இனிக் கடன்காரர் வாசலில் வந்து நிற்கமாட்டார் என்று நினைத்து, வழக்கின் மறுபாதியை மறந்துவிடுகிறார்கள். நொடித்தவர் என்று தீர்மானிக்கும் உத்தரவிலேயே, எத்தனை காலத்துக்குள் கடன்களிலிருந்து விடுவிக்கக் கோரும் விடுதலை மனு போட வேண்டும் என்று கோர்ட்டு குறிப்பிடும். அந்தக் கெடுவுக்குள் மனுப் போடாமலோ, போட்டும் விசாரணைக்கு வராமலோ இருந்தால் உத்தரவே ரத்தாகலாம். அப்படி ரத்தானால் பெற்ற பாதுகாப்பும் போய், பழைய கடன்காரர்கள் பழைய உரிமையோடு திரும்பி வருவார்கள். விடுதலை கேட்கையில் கோர்ட்டு அவருடைய நடத்தையைப் பரிசீலிக்கும்: கடந்த மூன்றாண்டுகளில் ஒழுங்காய்க் கணக்கு எழுதினாரா, நொடித்தது தெரிந்தும் வியாபாரத்தை நீட்டினாரா, சூதிலும் ஊதாரித்தனத்திலும் பணத்தை இழந்தாரா, பிணையற்ற கடனில் பாதிக்காவது, அக்காலத்துக் கணக்கில் ரூபாய்க்கு எட்டணாவுக்காவது, சொத்து இருந்ததா என்றெல்லாம் பார்க்கும். சொத்துக் குறைந்தது தம் குற்றத்தால் அன்று என்று ருசுப்படுத்துகிறவருக்கு வழி அடைக்கப்படவில்லை என்பதை நோயாலும் வெள்ளத்தாலும் தொழிலை இழந்தவர்கள் அவசியம் அறிய வேண்டும். விடுதலை கிடைத்தாலும், அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய பாக்கியும், மோசடியால் உண்டான கடனும், மனைவி மக்களுக்குக் கோர்ட்டு விதித்த ஜீவனாம்சமும் நீங்குவதில்லை.

விடுதலை உத்தரவு கையில் வராத ஒருவர் கடன் அட்டைக்கு விண்ணப்பிப்பதில் பேராபத்து ஒன்று உண்டு. தாம் விடுதலை பெறாத நொடிப்பாளர் என்பதைத் தெரிவிக்காமல் எவரிடத்திலாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் பெறுவதே குற்றம் என்றும், அதற்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்றும் அந்த 1920ஆம் வருஷத்துச் சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்கிறது. இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாத அந்தத் தொகை இந்நாள் வரை உயர்த்தப்படாமல் நிற்பது வேதனைக்குரியதே. ஆயினும் சட்டம் சட்டமே. பேருந்து நிலையத்திலும் கடைவாசலிலும் படிவத்தோடு நிற்கும் ஏஜெண்டு, 'அதையெல்லாம் எழுத வேண்டாம் அண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொன்னால், கையெழுத்துப் போடுகிறவர் அவரல்லர் என்பதை நினைக்க வேண்டும்.

விடுதலை பெற்றவர் அடுத்துப் பார்க்க வேண்டியது தம் கடன் வரலாற்று அறிக்கையை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்னும் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் 2005ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் இதற்கான விவரங்களைச் சேகரிக்கின்றன. ஒவ்வொன்றிடமும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாய்ப் பெறும் உரிமை நமக்கு உண்டு. அவை கோர்ட்டின் தீர்ப்பைத் தாமே படித்து நம்மை மன்னிப்பதில்லை. கடன் கொடுத்தவர் அனுப்பிய விவரத்தையே காட்டும். எனவே உத்தரவின் சான்றிட்ட நகலை ஒவ்வொரு கடன்காரருக்கும் எழுத்து மூலம் அனுப்பி, பதிவைத் திருத்தும்படி கேட்க வேண்டும். வங்கி ஒரு கடனை 'ரைட் ஆஃப்' செய்தது என்பது தன் கணக்குப் புத்தகத்துக்காகச் செய்துகொண்டதேயன்றி நமக்குச் செய்த தள்ளுபடி அன்று. பேசி முடித்துக் குறைத்துக் கட்டியதை அறிக்கை 'செட்டில்டு' என்றே காட்டும், முழுதும் தீர்த்த 'குளோஸ்டு' கணக்கைப் போல் பிற வங்கிகள் அதனை மதிப்பதில்லை. தவறான பதிவைக் குறித்துப் புகார் செய்து 30 நாளில் தீராவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டு, அது 2024 ஏப்ரல் முதல் நடப்பிலிருக்கிறது.

இதன் பின்னரும் கடன் அட்டை ஒருவருடைய உரிமை ஆகிவிடாது. கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் சித்தம். ஆனால் மறுத்தால் அதற்கான முக்கிய காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுமென்பது 2022இல் ரிசர்வ் வங்கி விதித்த கட்டளை. அதைக் கேட்டு வாங்க எவரும் கூசவேண்டியதில்லை. ஒரு வங்கி மறுத்ததும் பத்து வங்கிக்கு ஏககாலத்தில் விண்ணப்பித்தால் ஒவ்வொரு விசாரிப்பும் அறிக்கையில் பதிந்து கடன் மதிப்பெண்ணைக் குறைக்கும். விழுந்தவர் எழுவதற்கு நான் அறிந்தவரையில் பத்திரமான வழி, சிறு தொகையை நிரந்தர வைப்பாகப் போட்டு, அதன் பிணையில் வங்கி கொடுக்கும் அட்டையை வாங்குவதே. மாதந்தோறும் மளிகைக்கோ மின்கட்டணத்துக்கோ அளவாய்ப் பயன்படுத்தி, கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டிவர வேண்டும். 'மினிமம் டியூ' கட்டினால் போதும் என்று மீதியை நிறுத்தினால், மாதம் நூற்றுக்கு மூன்றரை வீதம் ஏறும் வட்டி வருஷத்துக்கு 40 விழுக்காட்டைத் தாண்டிவிடும். தவறினால் வைப்புப் பணமும் போகும், அறிக்கையும் மறுபடி கறைபடும்.

சிபில் மதிப்பெண்ணை ஒரே வாரத்தில் உயர்த்தித் தருவதாய் முன்பணம் கேட்பவர்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை. கடன் கொடுத்தவர் உறுதிப்படுத்தாமல் ஓர் எழுத்தையும் எவராலும் மாற்ற முடியாது. அத்தகையோருக்கு ஓ.டி.பி. சொல்லிப் பணம் இழந்தவர் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். வங்கி மறுத்த விரக்தியில் மீட்டர் வட்டிக்கும் ரன் வட்டிக்கும் போனவர்களுக்கு, 2003ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் துணை நிற்கிறது. போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

வங்கியோ கடன் தகவல் நிறுவனமோ புகாருக்கு 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448. விடுதலை மனுவுக்கு வக்கீல் வைக்க வசதியில்லாதவர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் எதுவாயினும் அங்கே இலவச உதவி உண்டு, சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100. போகும்போது கோர்ட்டு உத்தரவு, கடன் பத்திரங்கள், வங்கிக் கணக்குப் புத்தகம், கடன் வரலாற்று அறிக்கை ஆகிய நான்கையும் எடுத்துச் செல்வது நலம்.