பொதுச் சூளை புகட்டும் பாடம்

புதுச்சேரியில் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971-ஆம் ஆண்டில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தில் பலர் வனைதலைக் கற்றுள்ளனர். இத்தகைய கூடத்தின் முதற்பாடம் வாலாஜாபாத் நெசவாளருக்குப் புதியதன்று. பாவு கோணினால் துணி கெடும்; சக்கரத்தின் நடுவில் மண் நிலைகொள்ளாவிடில் கலம் கோணும்.

இரண்டாம் பாடமே நாம் ஊன்றிக் கருதத்தக்கது. பலர் வனைந்த கலங்களும் ஒரே சூளையில் ஏற்றப்பெறுகின்றன. முற்றும் உலராத கலத்தில் தங்கிய நீர், சூடேறியதும் ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கலத்தை வெடிக்கச் செய்யும். சிதறும் துண்டுகள் அயலார் கலங்களையும் பழுதாக்கும். ஆதலால், சூளையில் வைக்குமுன் கலத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பர். குளிர்ந்திருந்தால் ஈரம் உண்டென்று பொருள்.

உறுப்பினர்களே, நம் சங்கமும் பொதுச் சூளையே. ஒருவரது தவணை தவறின் அடுத்தவரது கடனும் தடைப்படும். கடன் மனுவை ஏற்குமுன் நாமும் ஈரம் பார்ப்போமாக.