காலை பத்து மணி வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரு கேள்வியில் இருந்து ஆரம்பிக்கலாம். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு நேயர் எழுதியிருந்தார்: "கார்ல சாட்டிலைட் ரேடியோ அவ்வளவு சுத்தமா கேட்குது. அதே ரேடியோவை வீட்டுக்குள்ள கொண்டு வந்து வச்சா ஊமையாயிடுது. சந்தா கட்டுறதே வேஸ்ட்டா?"

வேஸ்ட் இல்லை. ரேடியோ மேலேயும் தப்பு இல்லை. இதே பிரச்சினை 2007ல் எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஓடியது. அதைத் தீர்த்து வைத்தவர் இன்ஜினியர் இல்லை, எங்கள் தெரு கேபிள்காரர். அவர் சொன்ன ஒரே ஒரு விஷயத்தை வைத்தே இந்த எபிசோடை ஓட்டிவிடலாம்னு நினைக்கிறேன்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. குரோம்பேட்டையில் இரண்டாவது மாடி ஃபிளாட். தாத்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் முடிந்து, படுக்கையில் இருந்தார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கர்நாடக சங்கீதம். மார்கழி வந்தால் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு மதியமே சபாவுக்குக் கிளம்பிவிடுகிற ஆள். இனிமேல் அது கிடையாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அப்பா ஒருநாள் சாயங்காலம் ஒரு வேர்ல்டுஸ்பேஸ் ரேடியோவை வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

இப்போது கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வேர்ல்டுஸ்பேஸ் என்றால் என்னவென்றே தெரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990ல் ஆரம்பித்த கம்பெனி. ஆப்பிரிக்காவுக்கு ஒரு செயற்கைக்கோள், ஆசியாவுக்கு ஒன்று. ஆசியாவுக்கானது ஏசியாஸ்டார். 2000 மார்ச்சில் ஏரியான் ராக்கெட்டில், நம்ம இன்சாட் 3பி கூடவே, ஒரே வண்டியில் மேலே போனது. ஏ.ஆர்.ரஹ்மான் விளம்பரத் தூதராக இருந்தார். தமிழுக்கு கே.எல். ரேடியோ என்று ஒரு சேனல். கர்நாடக சங்கீதத்துக்கு ஸ்ருதி, நாள் முழுக்க. தாத்தாவுக்கு வேண்டியது அந்த ஸ்ருதி மட்டும்தான்.

ரேடியோவோடு தட்டையாக, ஒரு சின்ன புத்தகம் மாதிரி ஒரு ஆன்டெனா வந்தது. அப்பா அதைத் தாத்தா அறை ஜன்னலில் வைத்தார். சிக்னல் இல்லை. திருப்பி வைத்தார். இல்லை. ஸ்டூல் மேல் ஏறி, பீரோ மேல் வைத்து, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி... ஒன்றும் நடக்கவில்லை. தாத்தா படுத்தபடியே, "விடுப்பா, போட்ட பணத்தைத் திருப்பி வாங்க முடியுமான்னு பாரு" என்றார். அந்தக் குரல் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. அதில் ஒன்றுமே இல்லை.

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை, புரட்டாசி சனி. கேபிள்காரர் மாதக் காசு வாங்க வந்தார், நெற்றியில் நாமத்தோடு. அப்பா புலம்பியதைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி இது: "சார், காலைல பத்து மணி வெயில் உங்க வீட்டுல எங்க விழுது?"

அம்மா சமையலறையில் இருந்து குரல் கொடுத்தார்: "இங்க, பின்பக்க பால்கனில. கண்ணு கூசும்."

"அப்ப அங்கதான் வைக்கணும். இந்த ரூம்ல சாயங்கால வெயில்தானே வரும்? இங்க தலைகீழா நின்னாலும் வராது சார்."

அவருக்கு எப்படித் தெரிந்தது? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஏசியாஸ்டார் நின்ற இடம் நிலநடுக்கோட்டுக்கு மேலே, 105 டிகிரி கிழக்கு. ஸ்டார் டிவி சேனல்கள் வந்த ஏசியாசாட் நின்ற இடம் 105.5 டிகிரி கிழக்கு. கிட்டத்தட்ட பக்கத்து வீடு. கேபிள்காரர் மொட்டை மாடியில் ஸ்டார் சேனல்களுக்காக வைத்திருந்த பெரிய டிஷ் எந்தப் பக்கம் பார்த்ததோ, அதே பக்கம்தான் எங்கள் குட்டி ஆன்டெனாவும் பார்க்க வேண்டும். அதோடு, வருஷத்தில் இரண்டு தடவை, பங்குனி பிறக்கும்போதும் புரட்டாசி நடுவிலும், சில நாட்களுக்கு மட்டும் காலையில் சில நிமிஷம் அந்த டிஷ்ஷில் படம் புள்ளி புள்ளியாகிப் போய்விடும். தெருவே அவருக்கு ஃபோன் போடும். காரணம், அந்த நேரத்தில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனும் ஒரு ரேடியோ ஒலிபரப்பி மாதிரிதான். அது டிஷ்ஷுக்குள் நேராக இரைச்சலைக் கொட்டும்போது செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமுங்கிவிடும். சன் அவுட்டேஜ் என்பார்கள்.

இதைத்தான் அவர் திருப்பிப் போட்டார். சூரியன் டிஷ்ஷின் சிக்னலைக் கெடுக்கிறது என்றால், அந்த நேரத்தில் சூரியன் இருக்கும் இடம்தான் செயற்கைக்கோள் இருக்கும் இடம். அப்படியானால் அந்த நேரத்து வெயில் வீட்டுக்குள் எங்கே விழுகிறதோ, அங்கே சிக்னலும் விழும். நிழல் இருக்கும் இடத்தில் விழாது. காம்பஸ் வேண்டாம், ஆப் வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையில் இருந்து 105 டிகிரி கிழக்கைப் பார்த்தால் திசை கிழக்கும் தென்கிழக்கும் சேரும் இடம், காம்பஸில் சுமார் 116 டிகிரி. உயரம் தரையில் இருந்து சுமார் 58 டிகிரி, அதாவது தலையை நன்றாக அண்ணாந்து பார்க்கும் உயரம். செப்டம்பர் 29 வாக்கில் காலை பத்து மணி தாண்டி சில நிமிஷத்தில் சூரியன் வந்து நிற்பதும் அங்கேதான். மார்ச் நடுவில் என்றால் பத்தேகால் தாண்டி. மார்கழி வெயிலை வைத்து இதைச் செய்யாதீர்கள், அப்போது சூரியன் ரொம்பத் தெற்கே சாய்ந்துவிடும், தப்பான ஜன்னலைக் காட்டும்.

சரி, எஃப்எம் மட்டும் ஏன் கட்டிலுக்கு அடியில் கூடக் கேட்கிறது? எஃப்எம் அலையின் நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர். அனுப்பும் கோபுரம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சுவரில் மோதித் திரும்பி, மூலை முடுக்கெல்லாம் வளைந்து வந்து சேர்ந்தாலும் கேட்கும் அளவுக்குப் பலம் மிச்சம் இருக்கும். வேர்ல்டுஸ்பேஸ் பயன்படுத்தியது 1467ல் இருந்து 1492 மெகாஹெர்ட்ஸ். அலையின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர், ஒரு சாண் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவது சுமார் 36,600 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து. வந்து சேரும்போது அதில் உயிர் கொஞ்சம்தான் இருக்கும். ஒரு கான்கிரீட் தளத்தைத் தாண்டச் சொன்னால் முடிந்தது கதை. உங்கள் ஃபோனில் ஜிபிஎஸ் வேலை செய்யும் அலைவரிசையும் இதற்குப் பக்கத்தில்தான், 1575 மெகாஹெர்ட்ஸ். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மேப் ஏன் குழம்புகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

மழை பற்றி ஒரு வார்த்தை. மழை பெய்தால் டிடிஎச் போய்விடும், எல்லாருக்கும் அனுபவம். அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் வாக்கில்தான், மழைத்துளி அதை ஒரு வழி பண்ணிவிடும். ஒரு சாண் அலைக்கு மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நடுவில் ஒரு மரம் இருந்து, அதன் இலை எல்லாம் நனைந்திருந்தால் அடி வாங்கும். ஆக, பிரச்சினை மழை இல்லை, பக்கத்து வீட்டு வேப்பமரம்.

கதைக்கு வருவோம். ஆன்டெனாவைப் பின்பக்க பால்கனிக்குக் கொண்டுபோனோம். வெயில் பளீரென்று அடிக்கிறது. சிக்னல் கம்பி ஒன்று எட்டிப் பார்க்கிறது, உடனே செத்துப் போகிறது. கேபிள்காரர் ஆன்டெனாவை விட்டுவிட்டு பால்கனியைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் பால்கனி முழுக்க அலுமினியக் கொசுவலை அடித்திருந்தோம். 2006ல் சிக்குன்குனியா ஊரையே முடக்கிப்போட்ட பிறகு அம்மா நின்று போட வைத்தது. வெயிலுக்கு அது வலை. ஒரு சாண் நீள அலைக்கு அது தகரம். ஓட்டை அலையைவிட ரொம்பச் சின்னதாக இருந்தால் உலோக வலையும் உலோகத் தகடும் ஒன்றுதான். உங்கள் மைக்ரோவேவ் அவன் கதவில் இருக்கும் ஓட்டைத் தகடு செய்வது இதே வேலை. வெளிச்சம் வரும், அலை வராது. வெயில் கணக்கு ஏமாற்றும் இடம் இது ஒன்றுதான்.

"வலையைக் கழட்டினாதான்மா வரும்."

"கழட்டினா கொசு வரும். மாமாவுக்கு இந்த நிலைமைல காய்ச்சல் வந்தா யார் பார்க்கிறது?"

அம்மா சொன்னதும் நியாயம்தான். அப்பா எதுவும் பேசவில்லை. கேபிள்காரர்தான் வழி சொன்னார். முழுவதும் கழட்ட வேண்டாம், மேல் மூலையில் ஒரு சட்டத்தில் மட்டும் அலுமினியத்தை எடுத்துவிட்டு நைலான் வலை அடியுங்கள். நைலானுக்குக் கொசுவும் வராது, அலையும் நிற்காது. மதியத்துக்குள் அடித்தாகிவிட்டது. ரேடியோவை ஆன் பண்ணினால், சமையலறையில் நாதஸ்வரம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால், தாத்தா இருப்பது வீட்டின் அந்தக் கோடியில். பால்கனியில் இருந்து அவர் கட்டிலுக்குப் பதினைந்து மீட்டராவது இருக்கும். அப்பா நீளமான கேபிள் வாங்கி ஆன்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் கொடுக்கப் பார்த்தார். மறுபடியும் ஊமை. இந்த அலைவரிசையில் ஒல்லிக் கேபிள் ஒரு ஓட்டைக் குழாய் மாதிரி. பதினைந்து மீட்டர் தாண்டுவதற்குள் பத்தில் ஒரு பங்கு கூட மிஞ்சாது. டிவிக்குப் போடும் தடிமனான கேபிள் பரவாயில்லை, அதிலும் பாதிக்கு மேல் போய்விடும்.

அப்புறம் அப்பாவுக்கே பொறி தட்டியது. ரேடியோ அலையை ஏன் இழுத்துக்கொண்டு அலைய வேண்டும்? ரேடியோ ஆன்டெனா பக்கத்திலேயே, சமையலறையிலேயே இருக்கட்டும். அதிலிருந்து பாட்டை மட்டும் ஸ்பீக்கர் ஒயரில் தாத்தா அறைக்குக் கொண்டுபோவோம். பாட்டாக மாறிய பிறகு பதினைந்து மீட்டர் எல்லாம் தூரமே இல்லை.

நியூ ஜெர்சி நண்பரே, உங்களுக்கும் பதில் இதுதான். கார் ரேடியோவுக்குத் தலைக்கு மேலே திறந்த வானம் இருக்கிறது. அது போதாதென்று அங்கே பெரிய ஊர்களில் செயற்கைக்கோள் சிக்னலைத் தரையில் இருந்து திரும்ப அனுப்பும் கோபுரங்களும் உண்டு. இந்தியாவில் வேர்ல்டுஸ்பேஸுக்கு அந்த வசதி இல்லை, வானம் தெரிந்தால்தான் பாட்டு. உங்கள் வீட்டுக்குள் நிலைமை எங்கள் குரோம்பேட்டை நிலைமைதான். உங்களுக்கான செயற்கைக்கோள்கள் 85 டிகிரி மேற்கிலும் 115 டிகிரி மேற்கிலும் நிற்கின்றன. நியூ ஜெர்சியில் இருந்து அது தெற்கும் தென்மேற்கும். மார்ச் முதல் வாரத்தில் மதியம் ஒரு மணி வாக்கில் வீட்டுக்குள் வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்று பாருங்கள். ஆன்டெனாவை அங்கே, கண்ணாடியை ஒட்டி வையுங்கள். டிகிரி கணக்காகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டாம், இந்த ஆன்டெனாக்கள் டிஷ் மாதிரி ஊசிமுனைப் பார்வை உள்ளவை இல்லை. எதிரே மறைப்பு இல்லாமல் இருப்பதுதான் முக்கியம். ஜன்னலில் உலோக வலையோ, வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுள்ள ஃபிலிமோ இருந்தால் வெளிப்பக்கம் வையுங்கள். ரேடியோவும் அங்கேயே இருக்கட்டும். பெட்ரூமுக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர். உங்களுக்கு ஒயர்கூட இழுக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒயர் இழுத்ததில் வேறொரு சிக்கல் வந்தது. பாட்டு தாத்தா அறையில், பட்டன் அம்மா கையில். ஸ்பீக்கரில் திடீரென்று சினிமாப் பாட்டு வரும். தாத்தா அங்கிருந்து சத்தம் போடுவார்: "யாரும்மா கே.எல். ரேடியோ போட்டது?" அம்மா வெங்காயம் நறுக்கியபடியே, "சிக்னல் போச்சு மாமா, அதுவா மாறிடுச்சு" என்பார். செயற்கைக்கோள் ரேடியோ தானாகச் சேனல் மாறாது. தாத்தாவுக்கு அது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பாட்டு முடியும் வரை எதுவும் சொல்ல மாட்டார், மூன்றாவது பாட்டு ஆரம்பித்தால் மட்டும் இருமுவார்.

2008 அக்டோபரில் கம்பெனி அமெரிக்காவில் திவால் மனு போட்டது. இந்தியாவில் 2009 டிசம்பர் 31ம் தேதியோடு சேவை நின்றது, மார்கழி மாசத்தில். அன்று ராத்திரி தாத்தா தூங்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து சமையலறைக்கே வந்து, ரேடியோவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்மா அன்று சேனலை மாற்றவில்லை.

அந்த நைலான் வலை இன்னும் அந்த மூலையில் இருக்கிறது. அடுத்த வாரம் சந்திப்போம்.