வளவுக் கோழிகளோடு குஞ்சுகளைச் சேர்த்தல்

முட்டை விற்ற காசில் பிள்ளைக்குக் கொப்பி வாங்கும் வீட்டில் ஐந்தாறு குஞ்சு சாவது சிறிய இழப்பல்ல. பருந்தோ கீரியோ பிடிக்காமல் வீட்டுக் கோழிகளே கொத்திக் கொன்றால் மனம் ஆறாது.

கோழிகளுக்குள் மூப்பு உண்டு. முதலில் தின்பது எது, உயரத்தில் படுப்பது எது என்பதெல்லாம் கொத்திக் கொத்தியே முடிவாகிறது. புதியவை கடைசியில்தான் நிற்கவேண்டும். அதைத் தாங்க உடம்பு வேண்டும். ஆகவே 8 முதல் 12 கிழமை வரை வேறாக வளர்ப்பது நல்லது. தாய்ப்பேட்டோடு திரியும் குஞ்சுகளுக்கு இந்தக் கவலை குறைவு.

வெளியில் வாங்கியவற்றை முதல் 2, 3 கிழமை தூரத்தில் வைத்து, சளி, கழிச்சல் உண்டா எனக் கவனியுங்கள். தடுப்பூசி பற்றிக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள்.

சேர்க்கும் காலம் வந்ததும் கூட்டின் ஒரு மூலையைக் கம்பிவலையால் மறித்து அங்கே விடுங்கள். ஒரு கிழமை ஒன்றையொன்று பார்க்கட்டும். பின்பு வளவில் திறந்துவிடலாம். தீனும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கவேண்டும். கிடுகுத் துண்டொன்றைச் சுவரோடு சாய்த்துவிட்டால் ஒளிக்க இடமாகும். இரவில் கூட்டுக்குள் விட்டால் போதும் என்பார்கள் சிலர். விடிந்ததும் சண்டை தொடங்கும். அப்போது நீங்கள் அங்கே நிற்கவேண்டுமே!

முட்டைக்கோழித் தீனிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் வளரும் கோழித் தீனைப் போட்டு, சிப்பித் தூளை வேறு சிரட்டையில் வையுங்கள்.

இரத்தம் கண்டால் அந்தக் குஞ்சை உடனே பிரித்தெடுங்கள். மற்றவை கொத்துவதை நிறுத்தமாட்டா.